ஒரு சதுக்கம், இரண்டு அலுவலகங்கள், கிடைக்காத ஒரு வரைபடம்

ரயில் நிலைய வாசலை ஒட்டிய சிறு சதுக்கத்தின் மறுவடிவமைப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது என்றாலும், அதன் எல்லைக்கோடு படிக்கட்டின் நடுவே ஓடுகிறது என்று தெரியாமல் அலைந்த எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை. மேல் இரண்டு படிகள் நிலைய நிர்வாகத்துக்கும், மற்றவை நகராட்சிக்கும் உரியவை. தடையின்மைச் சான்று கேட்டுப் போனால், அவர்கள் முதலில் கொடுக்கட்டும் என்று இவர்களும், இவர்கள் கொடுக்கட்டும் என்று அவர்களும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எழுத்தர் கோப்பைப் பிரிக்கக்கூட இல்லை. இரு தரப்புப் பொறியாளர்களையும் ஒரே நாளில் தளத்துக்கு வரவழைத்து, கூட்டாய்வுக் குறிப்பில் அங்கேயே கையெழுத்து வாங்கிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் மண்ணுக்கடியில் இருந்தது. சுரங்க நடைபாதை உண்மையில் எப்படிக் கட்டி முடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் வரைபடம் எவரிடமும் இல்லாததால், கட்டுமானத்துக்கு முந்தைய பழைய படத்தை நம்பி, அதன் கூரைமேல் ஒரு மீட்டர் மண் இருக்கும் என்று நான்கு மரங்களைக் குறித்திருந்தேன். சோதனைக் குழி தோண்டியபோது 40 சென்டிமீட்டரிலேயே கடப்பாரை காங்கிரீட்டில் மோதியது. தொட்டி கட்டி மண்ணை உயர்த்தலாமே என்று பலரும் சொன்னார்கள். ஆனால் நீர் ஊறிய மண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் எடை கொண்டது, கூரை அதைத் தாங்கும் என்று கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை. மரங்கள் ஓரத்துக்கு நகர்ந்தன. நிழலை நம்பியிருந்த இருக்கைகளும் கூடவே நகர்ந்தன.

சாய்தளத்தில் நேர்ந்த பிழை என்னுடையது. 45 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கு 1:12 சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், 5.4 மீட்டர் நீளம் வேண்டும். நான் ஒதுக்கியிருந்தது 4 மீட்டர். திருப்பத்தில் சக்கர நாற்காலி சுழல்வதற்கு 1.5 மீட்டர் சமதளம் விட்டு, அதை மடக்கி வரைய வேண்டியதாயிற்று.

வடிகாலும் விளக்குகளும் தொல்லையின்றி முடிந்தன. இருக்கைகளை நகர்த்திய நான், பார்வையற்றோருக்கான வழிகாட்டு ஓடுகளின் வரிசையைப் படத்தில் திருத்த மறந்துவிட்டேன். ஒப்படைப்புக்கு முந்தைய நாள் பயணி ஒருவரை நடந்து பார்க்கச் சொன்னபோது, அவருடைய வெண்கோல் நேராகப் போய் இருக்கையின் காலில் முட்டியது. ஒன்பது ஓடுகளைப் பெயர்த்தோம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலை நெரிசலில் நின்று கவனித்து, பூச்செடிகளை மிதித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கே போனவர்களின் தடத்தையே கல் பதித்த பாதையாக்கினேன். அங்கே தடுப்புக் கம்பி போட வேண்டும் என்ற அலுவலகக் குறிப்பு கோப்பில் அப்படியே இருக்கிறது, கம்பிதான் இல்லை.