பாலஸ்தீனப் பெண்களைப் பேட்டி எடுக்கப் போய் ஃபார்ம்ல மாட்டிக்கிட்ட கதை

பாலஸ்தீனத்துலேர்ந்து குடியேறின பெண்கள் தங்களோட வாழ்க்கையத் தாங்களே எப்படிப் பாக்கறாங்க, இதான் என் ப்ராஜெக்ட். சிகாகோவ ஒட்டி இருக்கற பிரிட்ஜ்வியூவ 'லிட்டில் பாலஸ்தீன்'னே சொல்வாங்க. ஆள் கெடச்சாங்க, அரபி பேசற தோழி கூட வந்தா. மாட்டினது கன்சென்ட் ஃபார்ம்ல, அதாவது பேட்டி குடுக்கச் சம்மதம்னு எழுதி வாங்கற பேப்பர்ல.

முழுப்பேரு, பொறந்த ஊரு, கையெழுத்து, எல்லாம் வேணுமாம். முதல் வீட்ல ஏலக்கா காபி குடுத்து, மக்லூபா சாப்பிட வெச்சு, அவ்ளோ பாசமா பேசின பாட்டி, ஃபார்மப் பாத்ததும் ரெண்டு விரலால என் பக்கமே தள்ளிட்டாங்க. "அப்புறம் பாக்கலாம் மகளே." அன்னைக்குப் பொழப்பு அவ்ளோதான். வெளிய வந்தப்புறம் தோழி சொன்னா, 1967 போர் முடிஞ்ச கையோட இஸ்ரேல் கணக்கெடுப்பு எடுத்தப்போ மேற்குக்கரை, காசாவுல இல்லாதவங்களுக்குக் குடியிருப்பு உரிமையே போயிடுச்சாம், பாட்டியோட அக்கா அப்போ குவைத்ல இருந்திருக்காங்க. கிழக்கு ஜெருசலேம்ல இருக்கற பாலஸ்தீனக்காரங்க ஏழு வருஷம் வெளிய தங்கினா அவங்க உரிமையையும் பறிக்கலாம். அப்புறம் பேப்பர யாருதான் நம்புவாங்க?

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற யுனிவர்சிட்டி கமிட்டி ஆபீஸ்ல போய்ச் சொன்னா அந்த மேடம் ஸ்க்ரீன விட்டுத் தலையே தூக்கல, கையெழுத்து இல்லன்னா பேட்டி செல்லாதுன்னுட்டாங்க. அப்படியெல்லாம் இல்லீங்க! ஆள யாருன்னு காட்டிக்குடுக்கற ஒரே பேப்பர் அந்த ஃபார்ம்தான், அது வெளிய போறதுதான் பெரிய ஆபத்துன்னா, கையெழுத்தே வேண்டாம், வாய்ச் சம்மதம் போதும்னு அமெரிக்க ஃபெடரல் விதியிலயே எடம் இருக்கு. முதல் அப்ளிகேஷன்லயே அதக் கேட்டு வாங்கிடுங்க, எனக்கு ஒரு செமஸ்டரே போச்சு.

கேள்விகளையும் கமிட்டி 'திருத்தி' குடுத்துச்சு. "இழப்பை எவ்வாறு எதிர்கொண்டீர்கள்?" இதக் கேட்டு ஒரு அக்கா சிரிச்சே சிரிச்சாங்க. "டிவில எங்கள அழ வெச்சே காட்றாங்க, நீயுமா? இந்தக் கடைக் கணக்கு மொத்தமும் நான்தான் பாத்தேன், பிள்ளைங்கள காலேஜ் அனுப்பினது நான், அத எழுது." அதே அக்காதான், இங்க கார் எடுத்துட்டு நெனச்ச எடத்துக்குப் போறேன், அங்க இருந்திருந்தா மாமியார் விடமாட்டாங்கன்னு பெருமையா சொல்லிட்டு, பிரசவத்தப்போ பக்கத்துல அம்மா இல்லாதத மட்டும் இன்னும் ஜீரணிக்க முடியலன்னாங்க. ரெண்டும் ஒரே மூச்சுல!

இன்னொண்ணு, வீட்டுக்காரர் இருக்கறப்போ போகாதீங்க, பதில் பூரா அவரே சொல்வாரு. நேரா வாழ்க்கைக் கதையக் கேக்காம, பீரோவுல இருக்கற தத்ரீஸ் எம்பிராய்டரி போட்ட கவுன எடுத்துக் காட்டச் சொல்லுங்க. டிசைன வெச்சே எந்த ஊருன்னு சொல்ற கலை அது, 2021ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்துட்டாங்க. நெஞ்சுப் பக்கம் வேலைப்பாட்டத் தடவிக்கிட்டே ஆரம்பிச்சாங்கன்னா ரெக்கார்டர் பேட்டரிதான் பத்தாது, பவர்பேங்க் எடுத்துட்டுப் போங்க.