நாச்சியார் முன்னே, பெருமாள் பின்னே

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பெருமாள் கோயில்களின் தலவரலாறுகளைக் கேட்டுக்கொண்டே வந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருப்பது தெரியும். பெண்ணைக் கண்டெடுத்துச் சீராட்டி வளர்த்த முனிவர் ஒருவர் இருப்பார். பெண் கேட்டு வைகுண்டத்திலிருந்து இறங்கி வரும் பெருமாள் இருப்பார். நிபந்தனை விதிக்கும் மாமனாரும், எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டும் மாப்பிள்ளையும் இருப்பார்கள். உலகளந்தவன் இந்த மண்ணுக்கு வந்தபோது, ஒரு வீட்டு மருமகனாக வந்து நின்றிருக்கிறான். அந்தக் கதைகளைக் குடும்பத்தோடு போய், ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று கேட்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

ஆவணியில் ஒரு நாள் திருச்சியிலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு, என் தாயார், மாமியார், மனைவி, மகள், மகன் என்று எல்லோருமாகப் புறப்பட்டோம். பிள்ளைகளுக்கு என் தாயார் அப்பாயி, மாமியார் அம்மாச்சி. அப்பாயிக்குப் பிரபந்தப் பாசுரங்கள் பல மனப்பாடம். அம்மாச்சிக்குப் பத்துப் பேருக்குச் சமைத்தாலும் கை தளராது. இரண்டு சம்பந்திகளும் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தால் பேச்சுக்கும் பண்டத்துக்கும் பஞ்சமிருக்காது. செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் இருவரும் அவரவர் தூக்குவாளியைத் திறந்துவிட்டார்கள். ஒன்றில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மற்றொன்றில் புளிச்சோறு. யார் கைப்பக்குவம் உசத்தி என்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவன் இரண்டிலும் இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லி, தஞ்சாவூர் வரை தீர்ப்பை ஒத்திவைத்தான்.

முதலில் சாரங்கபாணி கோயில். பதினொரு நிலை இராஜகோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, அம்மாச்சி தலையில் கை வைத்து, "ஆத்தாடி" என்றார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஹேம முனிவரின் மகளாகப் பொற்றாமரைக் குளத்தில் தோன்றிய கோமளவல்லித் தாயாரை மணக்கப் பெருமாள் வைகுண்டத்திலிருந்து தேரிலேயே வந்தார் என்பது வரலாறு. அதனால் கருவறையே தேர் வடிவில், கல்லில் செதுக்கிய சக்கரங்களும் குதிரைகளும் யானைகளுமாக இருக்கிறது. மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டவர் என்பதால், இவரை வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரார் உரிமையோடு சொல்வதுண்டு. தாயாரைச் சேவித்த பிறகே பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது இங்கே முறை. பெருமாள் சந்நிதிக்குத் தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். நாங்கள் தட்சிணாயன வாசல் வழியாக நுழைந்தோம்.

உள்ளே சயனித்திருக்கும் பெருமாள் முழுக்கப் படுத்திருக்கவில்லை. சற்றே எழுந்தாற்போல் இருக்கிறார். திருமழிசையாழ்வார் இவரைப் பார்த்து, இராமனாய் நடந்த கால்கள் நொந்தனவோ, வராகமாய் நிலத்தை இடந்த மெய் அலுத்ததோ என்று கேட்டு, "கிடந்தவாறெழுந்திருந்து பேசு வாழி கேசனே" என்று பாடினார். பெருமாள் எழத் தொடங்க, அதைக் கண்டு பதறிய ஆழ்வார் அப்படியே இருக்கும்படி வாழ்த்தினார் என்பார்கள். அப்பாயி அந்தப் பாசுரத்தை மெல்லச் சொல்லி முடித்தார்; குரல் தழுதழுத்தது. வெளியே வந்து பிரகாரத்தில், மூட்டுவலியால் தூணோரம் காலை நீட்டி அமர்ந்தவரிடம் என் மகன் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நடந்த கால்கள் நொந்தவோ அப்பாயி? எழுந்து பேசுங்க" என்றான். ஆழ்வார் பெருமாளைக் கேட்டதைத்தான் அவன் தன் பாட்டியைக் கேட்டான். அப்பாயி சிரித்த சிரிப்பில், பக்கத்தில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் சேர்ந்து சிரித்தது. பிறகு அவன் உட்கார்ந்து, அப்பாயியின் காலைப் பிடித்துவிட்டான்.

இதே கோயிலில் பாதாள சீனிவாசர் சந்நிதி இருக்கிறது. தாயாரோடு விளையாடுவதற்காகப் பெருமாள் பூமிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாராம். தாயார் தேடித் தவித்த பிறகே வெளிப்பட்டுக் கைப்பிடித்தாராம். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளை கண்ணாமூச்சி ஆடியதை என் பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. அந்தக் கதையைக் கேட்டபின் அந்தச் சிறிய படிகளில் அவர்கள் இறங்கிய விதமே மாறிவிட்டது. ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடிக்கப் போகும் ஆவலோடு, சத்தம் காட்டாமல் இறங்கினார்கள். கண்டதும், "மாட்டிக்கிட்டார்" என்று மகள் கிசுகிசுத்தாள். கைகூப்பியபடிதான் சொன்னாள்.

கோபுரத் திருப்பணி செய்த இலட்சுமிநாராயண சுவாமி என்ற அடியார் மணம் புரியாமல் பெருமாளுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். அவர் பரமபதித்தபோது ஈமக்கடன் செய்யப் பிள்ளை இல்லாததால், பெருமாளே மகனாக நின்று செய்தார் என்பதும், ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி அமாவாசையன்று அவருக்கு இங்கே பெருமாளே திதி கொடுக்கிறார் என்பதும் மரபு. மருமகனாகவும் கணவனாகவும் விளையாடிய பெருமாள், பிள்ளையில்லாத ஒருவருக்குப் பிள்ளையாகவும் இருக்கிறார். இதைச் சொன்னபோது மட்டும் எங்களில் யாரும் பேசவில்லை.

கோயிலில் பிள்ளைகள் சிரித்தால் அதட்டுகிறவர்கள் உண்டு. சந்நிதியில் அமைதி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பிரகாரத்தில் கதை சொல்லவும் சிரிக்கவும் இடமிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இந்தக் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பெரியவர்கள், பெருமாளைப் பார்த்துச் சிரிப்பதற்கு அஞ்சவில்லை. அந்த நெருக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், பயத்தை மட்டும் கொடுத்து அழைத்துவருவதில் என்ன பயன்?

டபரா காபியை முடித்துக்கொண்டு திருநாகேசுவரத்தில் உள்ள உப்பிலியப்பன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். துளசிச் செடியின் கீழே கிடைத்த பூமிதேவியை மகளாக வளர்த்த மார்க்கண்டேய முனிவரிடம், பெருமாள் வயோதிகராக வந்து பெண் கேட்டார். தயங்கிய முனிவர், சிறு பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். உப்பில்லாமலே உண்பேன் என்று பெருமாள் சொல்லிவிட்டார். அன்று கொடுத்த வாக்குக்காக இன்றுவரை இங்கே நைவேத்தியம் எதிலும் உப்பு இல்லை; கோயிலுக்குள் உப்புச் சேர்ந்த பண்டங்களைக் கொண்டுபோவதும் கூடாது.

வாசலில் அப்பாயி இதை நினைவூட்டியதும், அம்மாச்சியின் முகம் மாறியது. அவருக்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லிப் பல காலமாகிறது. ஆனால் அவருடைய கைப்பையின் அடியில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், மூடிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி இரப்பர் பேண்டு போட்ட எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. மகளுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை, பெருமாளுக்குத் தெரியாமல் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பாட்டிலை வெளியே எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தார். என் மனைவி, "அம்மா!" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். "பெருமாளும் டாக்டரும் ஒரே கட்சி போலிருக்கு" என்று அம்மாச்சியே சொல்லிச் சிரித்தபடி உள்ளே நடந்தார்.

நெடிது உயர்ந்து நிற்கும் பெருமாளின் வலப்பக்கத்தில் பூமிதேவித் தாயார் மண்டியிட்டு அமர்ந்திருக்க, இடப்பக்கத்தில் மார்க்கண்டேயர் கன்னிகாதானம் செய்யும் கோலத்தில் இருக்கிறார். மகளைப் பிரியக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டபடியே தாயாருக்கு இங்கே தனிச் சந்நிதி இல்லை. கருவறையிலேயே கூட இருக்கிறார். பெருமாளின் வலக்கரத்தில் ‘மாம் ஏகம் சரணம் வ்ரஜ’ என்ற கீதை வாக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. என்னையே சரணடை என்று உலகத்துக்குச் சொல்லும் அந்தக் கை, ஒரு சிறு பெண் சமைத்த உப்பில்லாச் சோற்றையும் ஏற்றுக்கொண்ட கை என்று எண்ணியபோது என் கண்கள் நிறைந்தன. பிரசாதமாகக் கிடைத்த புளியோதரையைத் தொன்னையில் வாங்கி மண்டபத்தில் அமர்ந்து உண்டோம். உப்பு இல்லை என்பது நாக்குக்குத் தெரியவே இல்லை. அம்மாச்சி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். இனி வீட்டில் சாக்குச் சொல்ல முடியாது என்பது அந்தப் பார்வையின் பொருள்.

மாலையில் நாச்சியார்கோவில். கோச்செங்கட்சோழன் எடுத்த மாடக்கோயில். திருமங்கையாழ்வார் நூறு பாசுரங்களுக்கு மேல் பாடிய திருநறையூர். மேதாவி முனிவர் வஞ்சுள மரத்தடியில் கண்டெடுத்து வளர்த்த வஞ்சுளவல்லியை மணக்கப் பெருமாள் ஐந்து வடிவங்கள் எடுத்துத் தேடிவந்தார். எதிலும் என் மகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று மாமனார் கேட்டார், மாப்பிள்ளை சம்மதித்தார். ஆகவே கருவறையிலேயே தாயார் சற்று முன்னால் நிற்கிறார். புறப்பாட்டிலும் அன்ன வாகனத்தில் நாச்சியார் முன்னே போக, கருடன் மேல் பெருமாள் பின்னே வருகிறார். அன்னத்தின் நடை மெல்ல இருக்குமாகையால், கருடன் அதை முந்திவிடாதிருக்கத் தன் பாரத்தைக் கூட்டிக்கொள்கிறாராம். மார்கழியிலும் பங்குனியிலும் கல்கருடன் எழுந்தருளும்போது, சந்நிதியில் நான்கு பேர் தாங்குவது படிப்படியாக எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு என்று பெருகும்; திரும்பிவரும்போது அதே வரிசையில் குறையும்.

தாயாரின் இடுப்பில் சாவிக்கொத்து இருப்பதைப் பட்டர் சொன்னதும், அப்பாயியின் கை தானாகத் தன் இடுப்பைத் தொட்டது. எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து இன்றும் அங்கேதான் இருக்கிறது. வெளியே வந்ததும் அம்மாச்சி விடவில்லை.

"சம்பந்தி, உங்க வீட்டுச் சாவி எப்போ எம் பொண்ணு இடுப்புக்கு வரும்?"

"நாச்சியாருக்கு மாமியார் ஏது சம்பந்தி? அதான் சாவி நேரா இடுப்புக்கு வந்துருச்சு" என்றார் அப்பாயி, கொஞ்சமும் அசராமல்.

"ஏன், திருமலையில சீனிவாசனுக்கு வளர்ப்புத் தாயா வகுளமாலிகை இருக்காங்களே அத்தை?" என்று என் மனைவி கேட்டாள். அப்பாயி ஒரு கணம் யோசித்தார். "அது திருமலை. இது திருநறையூர்" என்று சொல்லிவிட்டு, முதலில் சிரித்தவரும் அவரே.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பார்க்காமல் திரும்ப முடியுமா? காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளையை வார்க்கிறார்கள். கடைக்காரர் ஒரு விளக்கைத் திருகித் திருகிக் கழற்றி, பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் என்று வரிசையாகத் துணிமேல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு மரையும் இழுப்பில்லாமல் பொருந்தியது. இடுப்புயர விளக்கை வாங்குவது என்று முடிவாயிற்று. பணம் யார் கொடுப்பது என்பதில் சம்பந்திகள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கடைக்காரர் இரண்டு பக்கமும் நீண்ட நோட்டுகளைப் பார்த்து, யாரிடமும் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் பாதமும் தண்டும் அப்பாயி கணக்கு, தட்டும் அன்னமும் அம்மாச்சி கணக்கு என்று என் மகள் பங்கு பிரித்துக்கொடுத்தாள்.

வேனில் ஏறும்போது அப்பாயி என்னைத் தடுத்து, "நாச்சியார் முன்னால போகட்டும்" என்று மருமகளை முன்னிருக்கையில் அமரவைத்தார். நான் விளக்கின் தண்டை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்திகளுக்கு நடுவே அமர்ந்தேன். மார்கழியில் கல்கருட சேவைக்கு வருவது என்று பாபநாசம் வருவதற்குள் தீர்மானமாகிவிட்டது. அப்பாயிக்கு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டுச்சோறு அம்மாச்சி பொறுப்பு, ஊறுகாய் கிடையாது. கருடனைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்குபவர்கள் சரியாக அறுபத்துநான்கு பேர்தானா என்று எண்ணிச் சொல்லும் வேலையைப் பிள்ளைகள் இருவரும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.