டிசைன் வேலைக்கு லேப்டாப்: விளம்பரம் சொல்லாமல் விடும் வரி

லேப்டாப் விளம்பரங்களில் ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். திரையைப் பற்றி மட்டும் "15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி, ஆன்டி-கிளேர்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். அந்தத் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்ற வரி அங்கே இருக்காது. டிசைன் வேலைக்கு வாங்குபவர் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். எழுதியிருக்கவில்லை என்றால் திரை சுமார் ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல திரை போட்டிருந்தால் அதைப் பெருமையாகச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

குறைந்த விலை லேப்டாப்களில் அதிகம் வருவது 45% என்டிஎஸ்சி திரை (என்டிஎஸ்சி என்பது நிற வீச்சை அளக்கும் பழைய அளவுகோல்). இணையத்துக்கான வேலை முழுவதும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவில் நடக்கிறது, அது ஏறத்தாழ 72% என்டிஎஸ்சிக்குச் சமம். அப்படியானால் 45% திரை எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுதாகக் காட்டுவதில்லை. சுத்தமான சிவப்பு அதில் வெளிறிப்போய்ச் செங்கல் நிறத்தில் தெரியும். டிசைனர் என்ன செய்வார்? நிறம் போதவில்லை என்று நினைத்து சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றுவார். அதே படத்தை வாடிக்கையாளர் நல்ல மொபைல் திரையில் திறந்தால் நிறம் கண்ணைக் குத்தும். பிறகு திருத்தம், மறுபடி திருத்தம். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபரேஷன் கருவி வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது திரையால் காட்ட முடிந்த நிறங்களைத்தான் ஒழுங்குபடுத்தும், திரையில் இல்லாத நிறத்தைக் கொண்டுவராது.

எனவே தேட வேண்டியது "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது "72% என்டிஎஸ்சி" என்ற குறிப்பு, சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை, குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம். 250 நிட்ஸ் அறைக்குள் ஓடிவிடும், ஜன்னலோரம் தடுமாறும். 1920×1080-க்குப் பதில் 1920×1200 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் கூடும் 120 பிக்சலில் லேயர் பேனல் கொஞ்சம் மூச்சுவிடும். பழைய டிஎன் வகைத் திரையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். நிறம் தலைகீழாக மாறினால் அந்த லேப்டாப்பை மூடிவைத்துவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட லேப்டாப் இரண்டு மூன்று வகைத் திரைகளோடு விற்கப்படும். விமர்சனத்தில் பாராட்டிய திரை உங்கள் பெட்டிக்குள் இருக்கும் என்று உத்தரவாதமில்லை. மாடல் பெயரோடு நிற்காமல், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முழு எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுத் தேடுங்கள். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் (PSREF) என்ற தளத்தில் ஒவ்வொரு திரை வகையின் நிட்ஸ், நிற அளவு எல்லாம் பட்டியலாக இருக்கும். வாங்கிய பிறகு ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் மானிட்டர் பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் பேனலின் எண் தெரியும். அதை வைத்து உள்ளே இருப்பது எது என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

ஓஎல்இடி திரை இப்போது நடுத்தர விலைக்கும் இறங்கி வந்திருக்கிறது. கறுப்பு அபாரம், நிற வீச்சும் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டும். தாண்டுவதுதான் சிக்கலும்கூட. நிற மேலாண்மை இல்லாத மென்பொருள்களில் எல்லாமே திருவிழா வெளிச்சத்தில் தெரியும். ஆகவே எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றும் வசதி அந்த மாடலில் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். போட்டோஷாப்பின் டூல்பார் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் திரையில் அதன் தடம் நிரந்தரமாகப் பதியும் வாய்ப்பும் இருக்கிறது. டார்க் தீம், தானாக மறையும் டாஸ்க்பார் இரண்டும் அதைத் தள்ளிப்போடும். சிலருக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் வரும் சிமிட்டலில் தலைவலி வரும். முடிந்தால் குறைந்த வெளிச்சத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து ரேம். 8 ஜிபியில் போட்டோஷாப் திறக்கும், வேலை ஓடாது. கணக்கைப் பாருங்கள். ஏ3 அளவு, 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்), அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே என்றால் 3508×4961 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட். முழுப் பக்கத்தையும் நிரப்பும் ஒரு லேயருக்கு ஏறத்தாழ 70 எம்பி. இருபது லேயர் என்றால் 1.4 ஜிபி. 16-பிட்டில் வேலை செய்தால் அது இரட்டிப்பு. ஹிஸ்டரி சேமிப்பு இதற்கு மேல். விண்டோஸ், பிரவுசர், உள்ளமைந்த கிராபிக்ஸ் எல்லாம் அதே ரேமிலிருந்துதான் பங்கு கேட்கும். 16 ஜிபிதான் ஆரம்பம்.

இடையில் ஒன்று. 10 அடிக்கு 6 அடி பேனரை முழு அளவில் 300 பிபிஐயில் திறந்துவிட்டு லேப்டாப்பைத் திட்டுபவர்கள் உண்டு. அகலம் மட்டும் 36,000 பிக்சல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பின் எல்லையே 30,000 பிக்சல்தான். ஒரு லேயருக்கு 3 ஜிபிக்கு மேல் போகும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 முதல் 100 பிபிஐ தாராளம். இப்படி அளவு சரியில்லாமல் வரும் மந்தத்தை எந்த லேப்டாப்பும் தீர்க்காது.

ரேம் எவ்வளவு என்பதைவிட அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். ரேம் வகை எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் அநேகமாக மதர்போர்டில் சால்டர் செய்தது, பிறகு கூட்ட முடியாது. அப்படியானால் 16 ஜிபியை இன்றே வாங்க வேண்டும். சோடிம் ஸ்லாட் (ரேம் குச்சியைச் செருகும் இடம்) இருந்தால் 8 ஜிபியோடு வாங்கி இன்னொரு 8 சேர்ப்பது பல நேரம் மலிவு. ஆனால் டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது, வாங்கும் முன் வகையைச் சரிபாருங்கள். ஒரே குச்சியாக 16 போடுவதைவிட 8+8 நல்லது. உள்ளமைந்த கிராபிக்ஸின் வேகம், இரண்டு குச்சியும் சேர்ந்து ஓடும் இரட்டைச் சேனலில் தெளிவாகக் கூடும். இன்டெலின் 11 முதல் 13 வரையான தலைமுறைகளில் ஒற்றைக் குச்சி போட்டால் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் வெறும் யூஹெச்டி என்றே தன்னைக் காட்டிக்கொள்ளும். கடையில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து அந்தப் பெயரைப் பார்த்தாலே உள்ளே ஒரு குச்சியா இரண்டா என்று ஊகித்துவிடலாம்.

ப்ராசசர் பெயர்களில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் கட்டமைப்பின் வயதைச் சொல்லும். ரைசன் 5 7520யூ என்பது பழைய ஜென் 2, நான்கு கோர், மிக மெலிந்த ரேடியான் 610எம் கிராபிக்ஸ். ரைசன் 5 7530யூ என்பது ஜென் 3, ஆறு கோர். ரைசன் 5 7535யூ ஜென் 3 பிளஸ், கிராபிக்ஸ் இன்னும் மேல். எண்ணில் பத்தும் பதினைந்தும்தான் வித்தியாசம், வேலையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். இன்டெலில் ஐ5-1235யூ என்பதில் இரண்டு பெரிய கோரும் எட்டுச் சிறிய கோரும், ஐ5-12450ஹெச் என்பதில் நான்கு பெரியதும் நான்கு சிறியதும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரின் பல வேலைகள் ஒன்றிரண்டு கோரின் வேகத்தையே நம்பி இருக்கின்றன. அதனால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். செலரான், பென்டியம், இன்டெல் என்100 இவை மூன்றும் இந்த வேலைக்கு இல்லை.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? லோகோ, போஸ்டர், சமூக ஊடகப் படம், புத்தக லேஅவுட் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணத்தைத் திரைக்கும் ரேமுக்கும் கொடுங்கள். போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் அடோபியின் சர்வரில் ஓடுவது, உங்கள் கார்டு அதை வேகமாக்காது. கேமரா ராவில் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டினாய்ஸ் மட்டும் உங்கள் ஜிபியூவைத்தான் பிழியும். தினமும் நூறு ராவ் படங்களை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளை)ச் சுத்தம் செய்பவருக்குக் கார்டு நியாயம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்பவருக்கு ஆர்டிஎக்ஸ் கார்டு கட்டாயம் என்றே சொல்லலாம். வாங்குவதென்றால் வாட் அளவையும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் உண்டு, 80 வாட்டிலும் உண்டு. விலை குறைந்த கேமிங் லேப்டாப் ஆசை காட்டும். 144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், நிறம் பெரும்பாலும் அதே 45%. அதை வாங்கியே ஆக வேண்டுமென்றால் 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மோசமான ஏற்பாடும் அல்ல: நிற முடிவு மானிட்டரில், மற்ற வேலை லேப்டாப்பில்.

எஸ்எஸ்டி 512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. 256 ஜிபியில் விண்டோஸும் அடோபி மென்பொருள்களும் உட்கார்ந்த பிறகு மீதி இடத்தை போட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் ஸ்கிராட்ச் கோப்பு தின்றுவிடும். "ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது" என்ற எச்சரிக்கை வருவது இதனால்தான். இன்னொரு எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் நல்லது. இஎம்எம்சி (மெதுவான சேமிப்பு வகை) என்று எழுதியிருந்தால் தொட வேண்டாம்.

மேக்புக் ஏர் பழையதாகக் கிடைத்தால் யோசிக்கலாம். 2020-இல் வந்த எம்1 ஏரின் திரையே இன்றைய பல மலிவு லேப்டாப்களை வெட்கப்பட வைக்கும்: 2560×1600, எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான பி3 நிற வீச்சு, 400 நிட்ஸ். ஆனால் ரேமும் சேமிப்பும் வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசிவரை, 8 ஜிபி வகை சீக்கிரமே திணறும். எம்2 ஏரின் 256 ஜிபி வகையில் சேமிப்புக்கு ஒரே சிப் என்பதால் படிக்கும் வேகம் எம்1-ஐவிடக் குறைவு. 2024 அக்டோபர் இறுதியில் ஆப்பிள் ஏர் வரிசையின் ஆரம்ப ரேமை 16 ஜிபி ஆக்கியது. எனவே அதே எம்2, எம்3 பெயரில் 8-உம் 16-உம் பழைய சந்தையில் கலந்து கிடக்கின்றன.

பழைய விண்டோஸ் லேப்டாப் என்றால் திங்க்பேட் டி வரிசை, லேடிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக ரகங்களைப் பாருங்கள். பிரித்து மாற்றலாம், உதிரிபாகம் கிடைக்கும். இவற்றிலும் மங்கலான 250 நிட்ஸ் திரை, நல்ல 400 நிட்ஸ் திரை என்று வகைகள் உண்டு, விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதை எடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அந்தப் பழைய சிப்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பேட்டரியைப் பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டியையும் (புதிதில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் (இப்போதைய கொள்ளளவு) ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

வாங்கி வந்ததும் முதல் வேலை, நிறத்தை மாற்றும் அமைப்புகளை நிறுத்துவது. விண்டோஸின் நைட் லைட், ஏஎம்டியின் வேரி-பிரைட், இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் இருக்கும் திரை மின்சேமிப்பு. பின்னவை இரண்டும் பேட்டரியில் ஓடும்போது மட்டும் சத்தமில்லாமல் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றும். சார்ஜரைப் பிடுங்கியதும் நிறம் மாறுகிறது என்று திரையைச் சந்தேகிப்பதற்கு முன் அவற்றைப் பாருங்கள். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுத்திரைப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டி, செத்த பிக்சல், ஓரத்தில் கசியும் வெளிச்சம் இரண்டையும் தேடுங்கள். இதை திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இருட்டறையில் செய்ய வேண்டும்.