அசல் 169 ரூபாய்: ஒரு வீட்டுக் கடன் நாட்குறிப்பு

2023 மே 14, ஞாயிறு

கடன் கணக்கு அறிக்கையை இன்றுதான் வரி வரியாகப் படித்தேன். திருச்சியில் இந்த வீட்டை வாங்க 2021 அக்டோபரில் 30 லட்சம் ரூபாய் கடன் எடுத்தோம்; 6.8 சதவீத மாறும் வட்டி, 20 ஆண்டுகள், மாதத் தவணை 22,900 ரூபாய். மாதம் தவறாமல் அதே தொகை சம்பளக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்ததால், எதுவும் மாறவில்லை என்றே நானும் கணவரும் நம்பியிருந்தோம். ஆனால் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) படிப்படியாக ஏறி இந்தப் பிப்ரவரியில் 6.5 ஆனது, அதனோடு இணைக்கப்பட்ட எங்கள் வட்டியும் 9.3 ஆகிவிட்டது. வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த மாதக் கணக்கில் வட்டி 22,731 ரூபாய், அசல் 169 ரூபாய். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே வட்டி, இதே தவணை என்றால் கடன் தீர ஏறத்தாழ 53 ஆண்டுகள் ஆகும். எனக்கு இப்போது 40 வயது. அந்தத் தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு

ரிசர்வ் வங்கி நேற்று முன்தினம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். இடையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டியே கட்டவும் அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012 முதலே நடைமுறையில் இருக்கிறது. இத்தனை நாள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று மிகவும் வருத்தமாக இருக்கிறது.

2023 அக்டோபர் 7, சனி

ஏலச்சீட்டில் கடைசிச் சீட்டாக எடுத்த 2 லட்சம் ரூபாயுடன் வங்கிக்குப் போனோம். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "தவணையைக் குறைக்கணுமா மேடம், காலத்தைக் குறைக்கணுமா?" என்று அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. காலத்தைக் குறைக்க வேண்டும், பணம் முழுவதும் அசலில் வரவு வைக்கப்பட வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அப்படி எழுதாவிட்டால் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக அதை எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதனால் வட்டி குறையாது.

மீதி அசல் 27,32,000 ரூபாய். பழைய தவணையே தொடர்ந்தால் இன்னும் ஏறக்குறைய 28 ஆண்டுகள். தவணையை 28,000 ஆக்கினால் 15 ஆண்டுகள் 3 மாதங்கள். கூடுதலாக வேண்டியது மாதம் 5,100 ரூபாய். நகைக்கடையில் மாதம் 5,000 கட்டிவந்த சீட்டு சென்ற மாதம் முடிந்துவிட்டது. அதில் மறுபடி சேர வேண்டாம் என்று வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்தோம். மகளுக்கு நகை சேர்க்க வேண்டாமா என்று அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

2024 ஜனவரி 15, திங்கள்

பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். "அக்கா, கூடுதலாகக் கட்டுற பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் இதைவிட அதிகம் கிடைக்கும், வீட்டுக் கடனுக்கு வரிச் சலுகை வேறு இருக்கிறது" என்று வாதாடினான். அவன் சொல்வதைத் தவறென்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் சந்தை விழும்போதும் கை வைக்காமல் இருக்கும் மன உறுதி உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் 9.3 சதவீத வட்டிக் கடனில் 1 லட்சம் அடைத்தால் அந்த 9.3 சதவீதம் உறுதியாக மிச்சமாகிறது. வங்கி வைப்பு நிதியில் கிடைப்பதோ 7 சதவீதத்தை ஒட்டிய வட்டி, அதற்கும் வரி உண்டு. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் கழிவு. நான் மாறியிருக்கும் புதிய முறையில் அதுவும் இல்லை. வரியை மிச்சப்படுத்துவதற்காக வட்டி கட்டிக்கொண்டே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. கடனில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திருப்பி எடுக்க எங்கள் கணக்கில் வழியில்லை.

2024 நவம்பர் 10, ஞாயிறு

அவருடைய தீபாவளி போனஸில் 60,000 ரூபாயை அசலில் கட்டினோம். கடைசியில் ஏறத்தாழ 8 தவணைகள் குறைகின்றன. மகளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்த பிறகு மிஞ்சியதுதான் இது.

2025 ஜூன் 8, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ரெப்போ விகிதம் மீண்டும் அரை சதவீதம் குறைந்து 5.5 ஆகியிருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மொத்தம் 1 சதவீதம் குறைந்துள்ளது. ஜூலையில் எங்கள் வட்டி 8.3 ஆகும்.

2025 ஜூலை 5, சனி

மீதி அசல் 25,20,000 ரூபாய். 2023-இல் தவணையைக் கூட்டியபோது வந்த முடிவுத் தேதியையே வைத்துக்கொண்டால் தவணையை ஏறக்குறைய 25,900-ஆகக் குறைக்கலாம் என்றார் மேலாளர். மாதம் 2,100 ரூபாய் கையில் நிற்கும் என்பது சிறிய விஷயமில்லை. மகளின் பள்ளி வேன் கட்டணம் அதில் போய்விடும். கணவர் என் முகத்தைப் பார்த்தார். 28,000 அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வட்டி ஏறியபோது எங்களைக் கேட்காமலே காலம் நீண்டது. இறங்கும்போது அதைச் சுருக்கிக்கொள்ளும் வாய்ப்பை நானாக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து புதிய அட்டவணையைப் பார்த்தேன். இந்த மாதம் வட்டி 17,430, அசல் 10,570. வட்டி இனி மாறாவிட்டால் கடைசித் தவணை 2037 ஏப்ரல் வாக்கில் வரும்; முதலில் போட்ட ஒப்பந்தத்தில் அது 2041. இந்தத் தீபாவளிக்கும் 60,000 கட்ட முடிந்தால் இன்னும் ஐந்தரை மாதங்கள் குறையும். அந்தப் பழைய நாட்காட்டித் தாளின் அடியில் இடம் இருந்தது. 169-க்குக் கீழே 10,570 என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன்.