ஜிப்ஸியின் முன்னிருக்கைகளை மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டில் பதிவான மாருதி ஜிப்ஸி கிங், துணிக்கூரை வண்டி. 1298 சிசி எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் வகை) எஞ்சினும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் ஃபோர் வீல் அமைப்பும் குறையின்றி இருக்கின்றன. ஏலகிரி, ஜவ்வாது மலைப் பாதைகளில் இன்றும் நம்பி ஏற்றலாம். ஆனால் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்) பூட்டிய வண்டி என்பதால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்புக்கு வந்து சேரும். அதைத் தாங்க வேண்டிய இருக்கையோ புதிதாக இருந்தபோதே மெல்லியது. இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் ஃபோம் தூளாகிக் கொட்டத் தொடங்கியிருந்தது. ஃபோமை மட்டும் மாற்றி உறை தைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் உறையைக் கழற்றினேன். ஓட்டுநர் இருக்கையின் சாய்மான மூட்டுக்குச் சற்றுக் கீழே, சட்டத்தின் வெல்டிங்கில் கீறல் விட்டிருந்ததைப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். சாய்மானம் எந்த இடத்தில் முழுச் சுமையையும் ஏற்கிறதோ அதே இடத்தில் விட்ட கீறலை ஒட்டுப்போட்டு நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மாற்று இருக்கை என்று தேடத் தொடங்கினால் சென்னையில் இரண்டு இடங்களுக்குப் போயாக வேண்டும். பிரித்த வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை. புதிய இருக்கைகளுக்கும் உறைகளுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற வண்டிகளின் இருக்கைகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன, பலரும் அவற்றை ஜிப்ஸியில் பொருத்துகிறார்கள். நான் அவற்றைத் தவிர்த்ததற்குக் காரணங்கள் உண்டு. அந்த இருக்கைகளின் கால்கள் அந்தந்தக் காரின் தரை அமைப்புக்கு ஏற்றபடி, முன்கால் ஓர் உயரமும் பின்கால் வேறோர் உயரமுமாக வளைக்கப்பட்டவை. ஜிப்ஸியில் அமர்த்த வேண்டுமானால் அவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும். புதிய கார்களின் சில இருக்கைகளில் சாய்மானத்தின் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும். அது வெடிக்காத நிலையில் இருக்கிறதா என்று தெரியாமல் அதன் அருகே கிரைண்டரோ வெல்டிங்கோ வைப்பது பெரும் ஆபத்து. பல கார்களில் சீட் பெல்ட்டின் பக்கிளும் (பெல்ட்டின் நாக்கைச் செருகிப் பூட்டும் பகுதி) இருக்கையோடு சேர்த்தே பூட்டப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். பந்தயக் கார்களுக்கான ஒரே வார்ப்பான பக்கெட் இருக்கைகளையும் பார்த்தேன். அவை பல முனை ஹார்னெஸ் பெல்ட்டுக்காக உருவானவை. உயரமான ஜிப்ஸியில் நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு அவற்றின் பக்கச் சுவர்கள் தொல்லையே தரும். முடிவில் நான் எடுத்தது சாயக்கூடிய, அடிப்பாகம் தட்டையான, கீழே நான்கு எட்டு மில்லிமீட்டர் போல்ட் துளைகள் கொண்ட இருக்கை இணை. வாங்கும்போது ரன்னரை, அதாவது இருக்கை முன்னும் பின்னும் நகர உதவும் தண்டவாளத்தை, தனியாகக் கையில் வாங்கிப் பார்த்து, லிவரை விட்டதும் இரண்டு பக்கமும் பூட்டு விழுகிறதா என்று சோதித்தேன். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் மலிவான ரன்னர்களில் மறுபக்கம் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும், மேடு பள்ளங்களில் இருக்கை முறுக்கிக்கொள்ளும்.

இருக்கை வாங்குவதைவிட அதை வண்டியின் தரையோடு பிணைப்பதுதான் முதன்மையான வேலை என்பதை இந்த வேலையில் இறங்குபவர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். என் ஜிப்ஸியில் பெல்ட்டின் மூன்று முனைகளும் வண்டியின் உடலோடு பூட்டப்பட்டவை. ஆகவே முன்பக்க மோதலில் நம்மைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் வண்டியின் உடலும் பெல்ட்டுமே. பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் நிலைமை தலைகீழாகிறது. நம் உடல் முழுவதும் சாய்மானத்தின் மேல் விழ, அந்தச் சுமை சட்டம், ரன்னர், ரன்னரைத் தரையோடு இணைக்கும் பிராக்கெட் ஆகியவை வழியாக நான்கு போல்ட்டுகளுக்கு வந்து சேர்கிறது. எழுபது கிலோ மனிதர் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு விசைக்கு உள்ளானால் அந்தக் கணத்தில் 1400 கிலோவுக்கு இணையான சுமை அது. ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள பழைய தரைத் தகட்டில் துளையிட்டு வெறும் வாஷர் வைத்து முறுக்கினால், போல்ட் உடையாது, தகட்டைக் கிழித்துக்கொண்டு வாஷரோடு மேலே வந்துவிடும். நான் முதலில் விசாரித்த பட்டறையில், "பெரிய வாஷரா போட்டு முறுக்கிட்டா போதும் சார், எங்கயும் போகாது" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்தேன்.

பழைய இருக்கைகளைக் கழற்றுவதற்கு முந்தைய நாளே போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். தரையோடு வெல்டிங் செய்யப்பட்ட நட்டுகள் ஜிப்ஸி போன்ற வண்டிகளில் மெலிந்திருக்கும். ஊறவிடாமல் முறுக்கினால் நட்டு தகட்டைவிட்டுப் பிய்ந்து, போல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். இருக்கைகள் வெளியே வந்தபின் ரப்பர் விரிப்பையும் அதன் கீழிருந்த சணல் விரிப்பையும் உரித்தோம். மேலே பார்வைக்கு உலர்ந்திருந்த விரிப்பின் அடிப்புறம் பிழிந்தால் நீர் சொட்டும் ஈரத்தில் இருந்தது. துணிக்கூரையின் ஓரங்களில் புகும் மழைநீர் அங்கேயே தங்கியிருக்கிறது. ஓட்டுநர் பக்க வெளிப்புறப் பின்மூலையில், நட்டைச் சுற்றி உள்ளங்கையளவு இடத்தில் பெயின்ட் பொக்களித்திருந்தது. டிங்கர் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகட்டில் கணீரென்று கேட்ட ஒலி அந்த இடத்தில் மட்டும் மழுங்கியது, அடுத்த தட்டுக்குச் செந்தூளாக உதிர்ந்து வண்டிக்குக் கீழே நிலம் தெரிந்தது. அந்தப் பகுதியை நல்ல உலோகம் வரும்வரை வெட்டியெடுத்து, 16 கேஜ் தகடு வைத்து சி.ஓ.டூ வெல்டிங் செய்தோம். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தரைக்கடியில் சேசிஸ் ஓரமாக ஓடும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே இருக்கின்றன என்று படுத்துப் பார்த்துச் சுண்ணாம்பால் மேலே கோடு போட்டுக்கொண்டோம். துளையிடும் எல்லா வேலைக்கும் அந்தக் கோடுகளே எல்லை.

அளவெடுப்பதற்கு நான் மற்ற எதையும்விட அதிக நேரம் செலவிட்டேன். ஜிப்ஸியின் மொத்த அகலமே 1540 மில்லிமீட்டர்தான். அதில் நடுவே கியர்பாக்ஸ் மேடு, அதன்மேல் கியர் லிவர், ஃபோர் வீல் லிவர், ஹேண்ட் பிரேக் ஆகியவை இடம்பிடிக்கின்றன. பக்கத்திண்டு உயர்ந்த புதிய இருக்கை பழையதைவிட அகலமானது என்பதால் அதை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஏதோ ஒன்றில் இடிக்கும். மரக்கட்டைகளை அடுக்கி இருக்கையை அவற்றின்மேல் வைத்து, அதில் ஆள் உட்கார்ந்த நிலையிலேயே எல்லாவற்றையும் பார்த்தோம். காலி இருக்கையை அளப்பதில் பயனில்லை. ஆள் உட்கார்ந்ததும் ஃபோம் அமுங்கி உயரம் மாறிவிடுகிறது, திண்டுகள் வெளிப்புறம் விரிகின்றன. ஃபோர் வீல் லிவரை 2எச் (இரு சக்கர இயக்கம்), 4எச் (நான்கு சக்கர இயக்கம்), 4எல் (நான்கு சக்கர இயக்கம், குறைவேகம்) என ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய், ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்தும் இறக்கியும், கைமுட்டி திண்டில் உரசாத இடம் எதுவென்று குறித்தோம். ஸ்டியரிங்கின் மையத்திலிருந்து நூல் கட்டி இருக்கையின் நடுத்தையலுக்கு இழுத்துப் பார்த்தது மிகவும் உதவியது. இருக்கை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பத்து நிமிட ஓட்டத்தில் தெரியாது, நாள் முழுவதும் ஓட்டினால் இடுப்பு சொல்லும்.

உயரத்தைப் பொறுத்தவரை, கிடைக்கும் இடத்தையெல்லாம் பயன்படுத்தி உயர்த்திவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய இருக்கையின் உயரத்தையே பின்பற்றினேன். உயர்த்தினால் கண் மட்டம் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு வந்துவிடும், கூரைக் கம்பி தலைக்கு நெருங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மடிமீது செல்லும் பெல்ட்டின் கோணம் மாறும். பெல்ட் இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும், வயிற்றின்மேல் ஏறக் கூடாது. தலைத்தாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலைக்கு அருகில் வருகிறதா என்பதையும் என் மனைவி ஓட்டும்போது கிளச்சை முழுவதும் மிதிக்கும் அளவுக்கு ரன்னர் முன்னே வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம்.

வண்டியின் நான்கு பொருத்துமுனைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. இருக்கையின் ரன்னர்களோ ஒன்றுக்கொன்று இணையாகவும் ஒரே தளத்திலும் இருந்தால்தான் தடையின்றி ஓடும். இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சரிக்கட்டுவதே பிராக்கெட்டின் வேலை. ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆங்கிளில் இரண்டு பக்கத் துண்டுகளை வெட்டி, தரையின் பழைய துளைகளில் தளர்வாகப் பூட்டி, அவற்றின்மேல் இருக்கையை வைத்து முன்னும் பின்னும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். இடறலின்றி ஓடிய நிலையில் சிறு புள்ளிகளாக மட்டும் வெல்டிங் வைத்தோம். பிறகு இருக்கையை எடுத்துவிட்டு, பிராக்கெட்டை மேசையில் வைத்துக் குறுக்குச் சட்டங்கள் சேர்த்து முழு வெல்டிங் செய்தோம். இருக்கை மேலே இருக்கும்போதே முழு வெல்டிங் செய்தால் ஃபோம் தீப்பிடிக்கும், ரன்னரும் சூட்டில் வளைந்துவிடும். ஒரே மூச்சில் நீளமாக ஓட்டாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு வரிகளாக வைக்கச் சொன்னேன். அதனால் சட்டம் கோணாமல் வந்தது.

தரைக்கு அடியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் எஃகுத் தகடு கொடுத்தேன். மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள் ஒவ்வொரு இருக்கை முனைக்கும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பும், எஃகு என்றால் மூன்று மில்லிமீட்டர் தடிமனும், எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டும் கேட்கின்றன. நான் பந்தயத்துக்குப் போகவில்லை, ஆயினும் துருவேறிய பழைய தகட்டை நம்பும் நமக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைக்காது. தகட்டின் மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூர்மூலை இருந்தால் அது அசைவில் மேல்தகட்டைச் சிறுகச் சிறுக அறுக்கும். போல்ட்டுகள் எல்லாம் தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறிக்கப்பட்டவை, நட்டுகள் எளிதில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 24 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம். போல்ட் சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். வெல்டிங் செய்த இடங்களுக்கு ஜிங்க் பிரைமரும் அடிப்புறத்துக்கு அண்டர்கோட்டிங்கும் அடித்தோம். ஈரம் காக்கும் சணல் விரிப்பைத் திரும்பப் போடவில்லை.

இனி பக்கிள். புதிய இருக்கையின் ரன்னரிலேயே பக்கிளைப் பூட்டிக்கொள்ள ஒரு துளை இருந்தது. இருக்கையோடு சேர்ந்து நகரும், வசதியாக இருக்கும் என்று கடையிலும் பரிந்துரைத்தார்கள். அப்படிச் செய்தால், இதுவரை வண்டியின் உடல் தாங்கிய பெல்ட்டின் இழுவையில் பெரும்பங்கு, அதற்காக உருவாக்கப்படாத நம் பட்டறை பிராக்கெட்டின் தலையில் விழும். ஆகவே பக்கிளைத் தரையில் அதன் பழைய முனையிலேயே விட்டுவிட்டு, திண்டுக்கும் மேட்டுக்கும் இடையே கை நுழைந்து எளிதில் பூட்டும்படி இருக்கையின் இடத்தை விட்டுக்கொடுத்தேன். பெல்ட் போல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். உலகின் பெரும்பாலான கார்களைப் போலவே இதுவும் 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை கொண்ட போல்ட். 12 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு ஏறக்குறைய அதைப் போலவே தெரியும். அதை வைத்து முறுக்கினால் மரை அழிந்துவிடும். பழைய போல்ட்டைத் தொலைக்காமல் பெயர் எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

சட்டத்தையும் யோசித்தாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இருக்கைகளின் எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவான விவரம். ஒன்றுக்கு ஒன்றாக அதே இடத்தில் மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். பின்புறம் பக்கவாட்டில் பார்த்திருக்கும் பெஞ்சுகளை முன்னோக்கித் திருப்பலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஆய்வாளர் கேட்டால் காட்டுவதற்குப் பழைய ரன்னர்களையும், வேலை நடந்தபோது தரைக்கடியில் எடுத்த படங்களையும் வைத்திருக்கிறேன்.

இருக்கையில் வந்த ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்த்தபோது சுகமாக இருந்தது, வண்டியில் உட்கார்ந்ததும் லீஃப் ஸ்பிரிங்கின் துள்ளலோடு சேர்ந்து தானும் துள்ளியது. அடியில் மட்டும் அதை எடுத்துவிட்டு 40 டென்சிட்டி ஃபோம் வைத்தபின் உடல் நிலையாக உட்காருகிறது. உறைக்குத் துணி அழகாக இருந்தாலும் மழை புகும் வண்டிக்கு ஆகாது. உட்காரும் பகுதியில் சிறு துளையிட்ட ரெக்சின் போட்டேன்.

ஜவ்வாது மலைக்குப் போய்வந்ததும் போல்ட்டுகளின் மஞ்சள் கோடுகளைப் பார்த்தேன், எதுவும் முறியவில்லை. அருகிருக்கையின் ரன்னர் மட்டும் கரகரத்தது. பட்டறையில் தாராளமாக வைத்திருந்த கிரீஸில் செம்மண் தூசி அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் முழுவதும் கழுவித் துடைத்து, கிரீஸுக்குப் பதில் உலர்ந்துபோகும் சிலிகான் ஸ்பிரே அடித்தேன். அதன்பிறகு தூசி படிந்தாலும் துணியால் துடைத்தால் போய்விடுகிறது.