இரண்டாவது பேண்ட்

ஒரு பெண்ணின் தண்டுவட நீரை ஓட்டிய சவ்வில் ஒரு பேண்ட், அதாவது புரதக் கோடு, தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இருந்தது. இல்லை என்று நினைத்தால் இல்லை. பக்கத்து லேனில் அதே பெண்ணின் இரத்தம், அந்த இரண்டு இடங்களிலும் சுத்தமாக இருந்தது. இரத்தத்தில் இல்லாமல் தண்டுவட நீரில் மட்டும் இரண்டு பேண்டாவது தெரிந்தால்தான் பாசிட்டிவ். ஒன்று போதாது.

நியூரோ வார்டிலிருந்து பி.ஜி. டாக்டர் கூப்பிட்டார்.

"ஒண்ணா ரெண்டா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

"ஒண்ணு நிச்சயம் டாக்டர். ரெண்டாவது சந்தேகம்."

"சந்தேகத்தை வெச்சு நான் என்ன பண்றது? எம்.ஆர்.ஐ. எம்.எஸ். மாதிரிதான் இருக்கு. பாசிட்டிவ்னா இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்."

எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அவருடைய அவசரம் புரியாமல் இல்லை. நோய் வெவ்வேறு காலங்களில் தாக்கியிருக்கிறது என்பதற்கு முன்பெல்லாம் இன்னொரு தாக்குதலோ, ஸ்கேனில் புதுத் தழும்போ வேண்டும். எம்.எஸ்.ஸைக் கண்டறிவதற்கான 2017 மெக்டொனால்ட் விதிகள் வந்தபின், மற்றதெல்லாம் பொருந்தினால், அந்த இடத்தை இந்த பேண்டுகளே நிரப்பிவிடும். அதாவது, அடுத்து கண் போகுமா கால் போகுமா என்று அந்தப் பெண் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பேண்ட் என்பது எம்.எஸ்.ஸின் கையெழுத்து அல்ல. மூளை, தண்டுவடப் பக்கம் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி உற்பத்தியாகிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. நியூரோசிபிலிஸிலும் வரும், மூளைக் காசநோயிலும் வரும். இவளுக்குக் கண் நரம்பு வீக்கம் வேறு. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறு நோயாக இருந்தால் பெரும்பாலும் பேண்ட் இருக்காது, எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகள் அதை மோசமாக்கும். என்.எம்.ஓ.வைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின் ஆன்டிபாடி ரிசல்ட் இன்னும் வந்திருக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன். அவருக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

மிச்சமிருந்த நீரில் இன்னொரு முறை ஓட்டினோம். அதே கதை. சவ்வை விளக்கில் பிடித்து, எதுவும் சொல்லாமல் ஜூனியரிடம் நீட்டினேன். "ரெண்டு" என்றாள், யோசிக்காமல். நான் "ஒரு பேண்ட், இரண்டாவது உறுதியில்லை, தேவைப்பட்டால் மறு மாதிரி அனுப்பவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு மாதிரி என்று எழுதுவது எனக்குச் சுலபம். முதுகில் மறுபடி ஊசி வாங்கப்போகிறவள் அவள். முதல் ஊசிக்கே தலைவலியில் எழ முடியாமல் கிடந்தாளாம். சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதுவதுதான் லேபின் வேலை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று நான் காப்பாற்றியது அவளையா, என் கையெழுத்தையா என்று கேட்டால் பதில் உடனே வருவதில்லை.

இப்போது கப்பா லைட் செயின் என்ற ஆன்டிபாடித் துண்டை அளக்கும் டெஸ்ட் வந்திருக்கிறது. நீரிலும் இரத்தத்திலும் கப்பாவையும் ஆல்புமினையும் அளந்தால் மெஷினே ஒரு எண்ணைக் கொடுத்துவிடும், 6.1 என்பதைத்தான் பரவலாக எல்லையாக வைக்கிறார்கள். 2024இல் திருத்திய விதிகளும் அதை பேண்டுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டுவிட்டன. கண்ணுக்கு வேலை குறைவு. 5.9 வருகிறவர் பாடு திண்டாட்டம்தான், ஆனால் அதற்காக யாரும் எனக்குப் போன் செய்ய மாட்டார்கள். எனக்கு அந்த டெஸ்ட் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல காரணமா என்று தெரியவில்லை.

அந்த டாக்டர் இப்போதெல்லாம் பேண்ட் ரிப்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை, ஜூனியரைத்தான் கேட்கிறார். அவளுக்குக் கண் என்னைவிடக் கூர்மை என்பதும் உண்மைதான்.