கை நீட்டிக் கேட்ட சத்தியம்

ஜூலை 8, 2025, செவ்வாய்
ஒன்பதாம் வகுப்புக்கு மனச்சோர்வைப் பற்றி ஒரு பீரியட் எடுக்கிறேன் என்றதும் தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்தார். "தற்கொலைங்கிற வார்த்தையே வேணாம் டீச்சர். சும்மா இருக்கிற பிள்ளைக்கு நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்." எல்லோருக்கும் உள்ள பயம்தான். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அரை மனதோடு சரி என்றார்.

ஜூலை 10, வியாழன்
"மனச்சோர்வுன்னா என்ன?"
"சோம்பேறித்தனம் மிஸ்!" ஒரே சிரிப்பு.
இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, சோறு இறங்காதது, பிடித்த விளையாட்டே கசப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கள் வயதில் அழுகைக்குப் பதில் எரிந்து விழுவதாகவும் வரலாம் என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது. கரும்பலகையில் 14416 எழுதினேன். 2022-ல் வந்த டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.
"காசு பிடிக்குமா மிஸ்?"
பிடிக்காது.

ஜூலை 11, வெள்ளி
கேள்விப் பெட்டியாக ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். முகப்பருவுக்கு மருந்து கேட்டு மட்டும் நான்கு சீட்டு! எட்டாக மடித்த ஒன்றில்: "ரகசியம்னா சொல்றேன்." பெயர் இல்லை. தினமும் கட்டுரை நோட்டு திருத்துகிறவளுக்குக் கையெழுத்து தெரியாதா?

ஜூலை 14, திங்கள்
(அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)
மதியம் வேப்பமரத்தடியில் அந்தச் சீட்டை எழுதியவள் உள்ளங்கையை நீட்டினாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."
அடித்துச் சத்தியம் செய்யாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன் உசிரு சம்பந்தப்பட்டதுன்னா சொல்லுவேன். யார்கிட்டன்னு நாம ரெண்டு பேரும் முடிவு பண்ணலாம்."
கையை உருவிக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். போகவில்லை. மணி அடித்தும் உட்கார்ந்தே இருந்தாள்.
"செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று கேட்டுவிட்டேன். என் குரல்தான் நடுங்கியது. தலையாட்டினாள். அப்புறம் அவள் சொன்னதெல்லாம் இங்கே வேண்டாம். அம்மாவுக்கு வேண்டாம், சித்திக்குச் சொல்லுங்கள் என்றாள். சித்தி வரும்வரை தனியாக விடவில்லை.

ஜூலை 17, வியாழன்
சித்தியோடு அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் இருக்கட்டும். கரும்பலகை ஓரத்தில் 14416 அழியாமல் இருக்கிறது, கடைசி ஆறுக்கு யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள். துடைக்காமல் விட்டுவிட்டேன்.